வெயிலில் காயவைத்த நிலக்கரி

கச்சிராயபாளையத்து வீட்டுக்கு வந்த சோலார் தகட்டை மாடிக்கு ஏற்றுமுன் வாசல் வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். என் சிறு வயதில் அம்மா நிலக்கரியைக் காயவைத்த இடம் அது.

நெய்வேலிப் பக்கம் கூலி வேலைக்குப் போன அப்பா ஒருமுறை துண்டில் முடிந்து ஒரு கட்டி கொண்டுவந்தார். பழுப்பாக, ஈரமாக இருந்தது. உடைந்த பக்கத்தில் மர ரேகைகள் அப்படியே ஓடின. கல்வராயன் மலையில் விறகு பொறுக்கும் அம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

“இன்னாயா, கரின்னு சொன்ன? மரமாச்சே!”

“மனுசன் பொறக்கறதுக்கு முன்ன இருந்த காடாம். மண்ணுக்குள்ள போயி இப்புடி ஆயிடுச்சாம். இத எரிச்சுதான் கரண்டு எடுக்கறாங்க” என்றார் அப்பா.

காட்டுச் சத்தம் கேட்கிறதா என்று நான் அதைக் காதில் வைத்துப் பார்த்தேன். அம்மாவோ, ஈர விறகைக் காயவைப்பதுபோல வெயிலில் வைத்தாள். சில நாளில் கட்டி வெடித்து, தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

“எத்தினி காலம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு! இந்த வெயிலு தாங்கலயே” என்று தூளைக் கையில் ஏந்தி நின்றாள்.

இப்போது அம்மா தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். “இதுல இன்னாடா எரிப்பாங்க?”

“எதுவும் எரிக்க வேணாம்மா. வெயிலே கரண்டா மாறிடும்.”

அண்ணாந்து சூரியனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து தகட்டின் மேல் போர்த்தினாள்.

“மாடிக்குப் போற வரைக்குமாவது உதுராம இருக்கட்டும்டா.”