ஜன்னலுக்கு வெளியே நின்ற நரி

காளியாயி ஆயாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள்; பிள்ளைக் காம்பராவுக்கு அவள்தான் ஆயா. "மூக்கத் தொடச்சுவிட நேரமில்ல, பெத்துப்போட மட்டும் நேரமிருக்கு" என்று தாய்க்கு ஒரு திட்டு விழும். திட்டு முடிவதற்குள் அவள் சேலைத் தலைப்பு பிள்ளையின் மூக்கைத் துடைத்து முடித்திருக்கும். நானும் அந்தச் சேலையில் துடைக்கப்பட்டவள்தான்.

அவளும் ஒரு காலத்தில் கொழுந்தெடுத்தவள். மழைநாளில் கூடையோடு சறுக்கி விழுந்து கால் முறிந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. மலையேற முடியாதவளுக்குத் தோட்டத்தில் கொடுத்த இலேசு வேலை இது. வேலை இருக்கும்வரைதான் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்க ஒரு காம்பரா. வேலை போனால் காம்பராவும் போகும். அது எல்லாருக்கும் உள்ள பயம்தான் என்றாலும், போக்கிடமில்லாத நொண்டிக் காலுக்கு அது ரொம்பப் பெரிய பயம்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் துரை சீமைக்குத் திரும்பினார். துரைசாணி வேண்டாத சாமான்களைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பி வைத்தாள். அதில் ஒரு படப் புத்தகம் இருந்தது. கடைசித் தாளை அவர்கள் பிள்ளை கிழித்துத் தின்றுவிட்டதோ என்னவோ, காணோம். ஆயாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது, இங்கிலீசுக்கு எங்கே போவாள்? படத்தைப் பார்த்தே கதை சொன்னாள்.

படமெல்லாம் தரை ஒரே வெள்ளை. "ஏன் ஆயா வெள்ளையா இருக்கு?" என்று கேட்டோம்.

"பனி அடிச்சிருக்குடி. கொழுந்தெல்லாம் கருகிப்போச்சு. வேல இல்ல. அதான் கரடி, மரை, முயலு, அணிலு எல்லாம் ஒரே காம்பராவுல ஒக்காந்திருக்கு. ஆளுக்கு இருந்ததக் கொண்டாந்து ஒரே சட்டியில போட்டு ஆக்குதுங்க." கோட்டுப் போட்டிருந்த கரடிதான் வேலையாட்களை அதட்டி மேய்க்கும் கங்காணி. அதை எங்களில் யாரும் சந்தேகப்படவில்லை.

அது நம்மூர்ப் பனியல்ல, வேறு தேசத்துப் பனி என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன். "எந்தத் தேசமா இருந்தா என்ன, வெள்ள விழுந்தா வேல இல்லதானே" என்றாள். அவளிடம் யார் பேசி ஜெயித்திருக்கிறார்கள்!

மிஞ்சியிருந்த கடைசிப் படத்தில் எல்லா மிருகங்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே, அந்த வெள்ளையில், மெலிந்த நரியொன்று நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும்.

"நரிய உள்ள விட்டாங்களா ஆயா?" தினமும் கேட்போம்.

"தாளு இல்லியே. பாக்காததச் சொன்னா நாக்கு அழுகிப்போகும்." எத்தனை பேர் அழுதாலும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் இறங்கி வரமாட்டாள்.

புத்தகம் வந்ததற்கு அடுத்த தை மாதம் எங்கள் மலையிலேயே பனி அடித்தது. விடியும்போது தேயிலை வெள்ளையாகக் கிடந்தது. வெயில் ஏறியதும் வெந்த கீரை மாதிரி கறுத்துச் சுருண்டது. வேலை குறைந்தது, வேலைப் பதிவில் பலருக்குப் பேர் வெட்டுப்பட்டது; கொழுந்து திரும்பும்வரை காம்பராவில் மட்டும் இருந்துகொள்ளலாம் என்றார்கள். பேர் வெட்டுப்பட்டவர்களின் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது, அவர்களுக்குப் பாலும் கிடையாது, மீறினால் ஆயாவும் வேலைக்கு வரவேண்டாம் என்று லியனார்ட் கண்டாக்கு சொல்லிவிட்டுப் போனார். மலை வேலைகளையெல்லாம் மேற்பார்க்கும் உத்தியோகத்தர் அவர். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாளே அழகம்மா தன் மகள் வேலாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நோயில் படுத்து எழுந்தவள்; அவள் பேரைத்தான் முதலில் வெட்டியிருந்தார்கள்.

"அக்கா, மரக்கறித் தோட்டத்துல புல்லு வெட்டக் கூப்பிட்டிருக்காங்க. இவள வச்சுக்கிட்டுப் போனா விரட்டிருவாங்க. போகலன்னா இன்னைக்கு அடுப்பு எரியாது."

"ஒனக்குப் பாவம் பாத்தா நான் எங்கடி போயிப் படுக்கிறது? ரோட்டுலயா?" ஆயா எரிந்து விழுந்தாள். "சட்டம் சட்டந்தான். போ."

அழகம்மா பிள்ளையை வாசல் படியில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். வேலாயி கொஞ்சம் அழுதது. பிறகு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தது.

அப்போது எங்களுக்குக் கதை நேரம். ஆயா அன்று வேகவேகமாகத் தாளைப் புரட்டினாள். கடைசிப் படம் வந்தது. ராசம்மா என்று ஒரு பிள்ளை. தின்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளை என்று ஆயாவே சொல்வாள். அது படத்தைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது. "ஆயா, நரி வந்திருச்சு" என்றது.

ஆயா புத்தகத்தை மூடினாள். காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். "வந்து தொலை, சனியனே. கையெல்லாம் ஐசாக் கெடக்கு" என்று திட்டிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். வேலாயிக்குப் பால் இல்லையே? ஒரு வெறுங்கோப்பையை எடுத்து எங்களிடம் நீட்டிக்கொண்டு வந்தாள். "ஆளுக்கு ஒரு வாய் ஊத்துங்க." எல்லாரும் ஊற்றினோம். ராசம்மா மட்டும் தன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது; பிறகு என்ன நினைத்ததோ, அதுவும் சொட்டு ஊற்றியது.

இப்படியே கொஞ்ச நாள் ஓடியது. ஒருநாள் லியனார்ட் ஐயா வந்து நின்றார். வேலாயி கோப்பையும் கையுமாக நடுவில் இருந்தது.

"காளியாயி, இது அழகம்மாட புள்ளதானே? நான் என்ன சொன்னேன்?"

அந்த வாய் அன்றைக்குத் திட்டவில்லை. ஆயா மெல்லப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் படத்தை விரித்து நீட்டினாள்.

"ஐயா இங்கிலீசு படிச்சவங்க. இந்த நரிய உள்ள விட்டாங்களா இல்லியான்னு போட்டிருக்கா, பாத்துச் சொல்லுங்க. விடலன்னு போட்டிருந்தா இவள வெளியில விட்டுர்றேன். நானும் போயிர்றேன்."

அவர் வாங்கி வாசித்தார். நாலு வரிகூட இல்லாததை வெகுநேரம் வாசித்தார். வேலாயி பால் மீசையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள விட்டாங்கன்னுதான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. கொழுந்து திரும்ப வந்தபோது அழகம்மாவின் பேரும் பதியப்பட்டது.

அறுபத்தைந்தில் நான் ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது ஆயாவுக்கு வேலை போய்விட்டது, கால் முற்றாக விழுந்து நடக்க முடியாமல் போய்விட்டது என்றார்கள். காம்பராவும் போயிருந்தது. ஆயா அழகம்மா வீட்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். வேலாயி கொழுந்தெடுத்துவிட்டு வந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஆயா தகரப் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

"நீயும் இங்கிலீசு படிக்கிறியாமே. வாசி பாப்பம்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். "கதவைத் திறக்காதே என்றது கரடி." அவ்வளவுதான் இருந்தது. அவள் மடியில் வளர்ந்துவிட்டு அவளிடமே எப்படிப் பொய் சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

ஆயா புத்தகத்தை வாங்கி மூடினாள். "அப்ப அந்த மனுசன் பொய்யா சொல்லிட்டுப் போனாரு?"

"ஆமா ஆயா."

"நாக்கு அழுகாம நல்லா இருக்கட்டும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலாயி சூடு ரொட்டியை அவள் கையில் வைத்தாள். ஆயா அதைப் பிய்த்து முதல் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"கரடி கங்காணிதானே, அப்பிடித்தான் சொல்லும். தொறக்காமயாடி நான் இங்க ஒக்காந்திருக்கேன்? தின்னு, ஆறிப்போகுது."