மேசையே கட்டிலான நான்கு நாட்கள்

ஏரிக்கரையில், சில்லு வைத்த வீடான ஒரு ட்ரெயிலருக்குள் நான்கு நாள் விடுமுறை என்று என் கணவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கனடாவுக்கு வந்து ஆறு வருடத்தில் நாங்கள் எடுத்த முதல் விடுமுறை அது. அவரோடு வேலை செய்யும் ஒருவர், அங்கே நிறுத்தி வைத்திருந்த தன் ட்ரெயிலரை இரவல் கொடுத்திருந்தார்.

அப்போது மல்வேர்னில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். கணவருக்குப் பகல் வேலை. எனக்கு மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் பின்னேரம் தொடங்கும் வேலை. மகளைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் இந்த ஏற்பாடு. அவர் உள்ளே வர நான் வெளிக்கிடுவேன். சனி ஞாயிறுகளில் அவருக்கு இன்னொரு வேலை. எங்கள் தாம்பத்தியம் பிரிட்ஜில் ஒட்டிய துண்டுக் கடதாசிகளிலேயே நடந்தது. "சோறு கிடக்கு, சூடாக்குங்கோ." "பிள்ளைக்கு மருந்து குடுத்திட்டன்."

செப்டெம்பரில் மகள் முழுநாள் பள்ளிக்கூடம் போக இருந்தாள். அந்த நேரம் பார்த்து, நான் கேட்டிருந்த பகல் வேலைக்கு ஓர் இடம் இருக்கிறது, விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பதில் சொல் என்றார் என் சுப்பர்வைசர். இனியாவது ஒரு மேசையில் இருந்து ஒன்றாகச் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். வானொலியில் நான்கு நாளும் வெயில் என்றார்கள்.

போய் இறங்கிய அரைமணி நேரத்தில் மழை பிடித்தது. சாதாரண மழையில்லை, விட்டால் போதும் என்று கெஞ்ச வைக்கும் மழை. ட்ரெயிலரைத் திறந்ததும் ஈரத் துணியைப் பையில் கட்டி ஒரு மாதம் மறந்துபோனால் வரும் மணம் முகத்தில் அடித்தது. கழிப்பறையின் சுவர் மட்டைபோல மெல்லியது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே கேட்டது. அந்தச் சுவரோடு ஒட்டித்தான் அடுப்பு. சாப்பிடும் மேசையைக் கீழே இறக்கி, மேலே மெத்தையைப் போட்டால் அதுவே எங்கள் கட்டில். முதல் நாளே அவர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு மீன் பொரித்தார். அந்த மணத்திலேயே படுத்தோம். காலையில் என் முதுகில் மூன்று சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது என் கணவரைத்தான்.

விடிந்ததும் அவர் நாக்கு வழிப்பார். நான் கோப்பை கழுவும் அதே தொட்டிக்கு மேலே குனிந்து, குடல் வெளியே வந்துவிடும் போல ஓங்காளித்து, காறி, மறுபடி வழிப்பார். வீட்டில் அந்த நேரம் நான் அசந்து தூங்குவேன், அதனால் ஆறு வருடம் இது என் காதில் விழவேயில்லை. சாப்பிட்டு முடிந்ததும் பல்லிடுக்கில் அகப்பட்டதை உறிஞ்சி உறிஞ்சி எடுப்பார். காரைப் பூட்டும் திறப்பால் காது குடைந்து, திறப்பை உற்றுப் பார்ப்பார். இரண்டாம் நாள் மேசையில் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டினார். ஒரு துண்டு பறந்துபோய்க் காலைச் சாப்பாட்டுப் பாண் பையில் விழுந்தது.

"இஞ்சேருங்கோ, உது சாப்பிடுற மேசையெல்லே?"

"பிறகு துடைச்சு விடுறன்."

துடைக்கவில்லை. நான் மகளைப் பார்த்தேன். அவள் நிறந்தீட்டும் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல், "அப்பா எவ்ரி டே இப்பிடித்தான், அம்மா" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெளியே போக வழியில்லை. முழங்கால் இடிக்கும் இடத்தில், ஈரச் சப்பாத்தும் காலுறையும் நாற, நாள் முழுக்க ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மூச்சு விடுவதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடிப்போய்க் காருக்குள் இருந்து சாப்பிட்டார். பாட்டுக் கேட்கப் போகிறேன் என்றார். சனியன் விட்டது என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கும் அவருக்குக் கார்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாமான் கட்டி முடித்த பிறகு வெயில் எறித்தது. எனக்கு அதிலும் எரிச்சல்.

திரும்பி வரும் வழி முழுக்க ஒரே யோசனை. பகல் வேலை வேண்டாம். காலையும் மாலையும் இந்த மனிசனோடு ஒரே மேசையில் என்னால் முடியாது. ஆனால் அதை எப்படி அவரிடம் சொல்வது? நானே ஆசைப்பட்டுக் கேட்ட வேலை. பிள்ளை பள்ளியால் வர ஆள் வேண்டும் என்று சொல்லலாம். பகலில் பஸ்ஸில் சனம் கூடுதல் என்று சொல்லலாம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். பிக்கரிங் ஊரைத் தாண்டியபோது அவரே தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பகல் வேலை... அவசரப்படாதையும். இப்ப போற மாதிரியே போகட்டுமன்."

எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

அவர் றோட்டை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "கோவிக்காதையும். நீர் சாப்பிடேக்கை வாய் மூடாமல் கதைக்கிறீர். உள்ளுக்கை கிடக்கிற சோறெல்லாம் தெரியுது. எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. அதுதான் காருக்குள்ளை போய்ச் சாப்பிட்டனான்."

நான்கு நாளும் அருவருப்பு என்னுடைய சொத்து என்றே நினைத்திருந்தேன். என்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிற்றைப் பிரட்டும் என்ற எண்ணம் ஒரு கணம்கூட வரவில்லை. ஆத்திரம் வந்தது, வெட்கம் வந்தது, வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

திங்கட்கிழமை சுப்பர்வைசரிடம் பகல் வேலை வேண்டாம் என்றேன். இப்போது இருவரும் ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கிறோம், ஒரு மேசையில்தான் சாப்பிடுகிறோம். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஏதாவது கேட்டால், விழுங்கி முடியும்வரை நான் பதில் சொல்வதில்லை.