இரண்டு விரல் சாம்பியன்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் கிளப்பின் செம்மண் டென்னிஸ் களத்தில் எல்லைக் கோட்டுக்கான வெள்ளைப் பட்டையை ஆணி வைத்து அடித்தது. வியாழக்கிழமை காலை. அவளுக்கு வயது எழுபத்து மூன்று. சுத்தியல் அவள் கையில், ஆணிப் பெட்டி என் கையில். நான் நில அளவைப் பொறியாளர். லேசர் கருவி கொண்டு போயிருந்தேன்.

"அந்த விளக்கை எடுத்துப் பையில போடு நூரியா. அகலம் பன்னெண்டு ராக்கெட். அளக்கறதுக்கு அது போதும்."

ஒற்றையர் களம் 8.23 மீட்டர். அவளுடைய பழைய மர ராக்கெட் 68.6 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தேன். சரிதான்.

நடுவிலிருந்து இடப்பக்கம் ஆறு ராக்கெட் வைத்தாள். கச்சிதம். வலப்பக்கம் ஆறாவது ராக்கெட் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி நீட்டியது. லேசரும் அதையே சொன்னது: நான்கு சென்டிமீட்டர் குறைவு. பட்டை தேய்ந்தால் புதியதைப் பழைய ஆணி ஓட்டையிலேயே அடிப்பது எங்கள் கிளப் வழக்கம். யாரும் அளப்பதில்லை. ஆகவே பிழையின் வயது ஐம்பதுக்குக் குறையாது.

அம்மா ராக்கெட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

"கார்மினா கிட்ட மூச்சு விடாத."

எங்கள் ஊர் பொரியானாவில் ஆரஞ்சுக் கிடங்கின் சுவரில் பந்தடித்துப் பழகியவள் என் அம்மா, ரெமெ எஸ்க்ரிக். அதே தெருவில் ரொட்டிக் கடைக்காரர் மகள் கார்மினா. 1975-இல் தேசிய மகளிர் கோப்பையின் இறுதி ஆட்டம் எங்கள் கிளப்பின் இதே களத்தில் நடந்தது. ஆடியவர்கள் இவர்கள் இருவரும். கடைசிப் புள்ளியில் கார்மினாவின் பந்து இதே வலக்கோட்டின் அருகே விழுந்தது. அவள் உள்ளே என்றாள். அம்மா வெளியே என்றாள். நடுவர் உயர நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். மண்ணில் பதிந்த பந்துத் தடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரலை வைத்தார். விரல்கள் நுழைந்தன. வெளியே. அம்மா சாம்பியன்.

நடுவர் என் அப்பா. இரண்டு வருடம் கழித்து அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கார்மினா அனுப்பிய கல்யாணப் பரிசு ஒரு ஜோடிக் கையுறை. வலக்கையில் இரண்டு விரல் வெட்டப்பட்டிருந்தது. அப்பா அதைக் குளிர்காலத்தில் போட்டுக்கொள்வார்.

அதன் பிறகு அம்மா பதினோரு வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடினாள். பத்தில் முதல் சுற்றிலேயே தோல்வி. ஒன்றில் இரண்டாம் சுற்று வரை போனாள். எதிராளி முந்தின நாள் கெட்டுப்போன சிப்பி சாப்பிட்டிருந்தாள். ஊர் திரும்பி முப்பது வருடம் கிளப்பில் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் கற்றுக்கொண்ட பல் டாக்டரின் பேக்ஹேண்டை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. பல் பிடுங்கும்போது டாக்டர் பழிவாங்கினார் என்பது அவள் கட்சி.

கார்மினா அந்த ஆட்டத்தோடு ராக்கெட்டை மூட்டை கட்டிவிட்டுத் தன் அப்பாவின் ரொட்டிக் கடைக்குப் போனாள். அம்மா தினமும் ரொட்டி அங்கேதான் வாங்குவாள். கார்மினா ரொட்டியைப் பாதி வெளியே நீட்டும்படி பையில் போடுவாள்.

"உள்ளயா, வெளியவா, ரெமெ?"

"வெளிய."

"கண்ணு தெரியலன்னா டாக்டர்கிட்ட போடி."

"வீட்டு அலமாரில கோப்பை தெரியுது. அது போதும் எனக்கு."

ஐம்பது வருடம் இதே பேச்சு.

அந்த வியாழக்கிழமை சாப்பாட்டில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ அதுக்கப்புறம் ஆடவே இல்ல நூரியா. நான் போய்ச் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை போனாள். மீனோடு திரும்பினாள். "நல்ல மீனு. வெயில்ல வச்சுகிட்டுப் பேச முடியுமா?"

சனிக்கிழமை: "வரிசைல ஒம்போது பேரு. பாதிரியார் வேற நிக்கிறாரு."

"அவர்கிட்ட பாவசங்கீர்த்தனமாவது பண்ணியிருக்கலாமே."

"பல் டாக்டரும் நின்னான்."

திங்கட்கிழமை: "தலைக்குச் சாயம் போட்டிருக்கா. பாட்டு வேற பாடிட்டு இருக்கா. இன்னிக்கு வேணாம்."

"என்னன்னு சொல்லப் போற?"

"கோடு தப்பு, உன் பந்து உள்ளதான்னு." கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தாள். "உங்கப்பா விரல் தப்பில்ல. அதையும் சேர்த்துச் சொல்லணும். அதான் எப்படின்னு தெரியல."

செவ்வாய்க்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

கல்லறைச் சுவரில் அப்பாவுக்குப் பக்கத்து மாடம். கொத்தனார் அம்மாவின் சவப்பெட்டியை உள்ளே தள்ளினார். கார்மினா என்னை ஒட்டி நின்றிருந்தாள். முன்னால் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி, விளிம்பைப் பார்த்தாள்.

"உள்ளதான்," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரை விடவில்லை. கோட்டைப் பற்றி நானும் மூச்சு விடவில்லை.

இரவல் வாங்கிய சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க அம்மாவின் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு சீட்டு. தபால் தலை, செருப்புத் தைக்க, மின்சார ஆபீஸ். மூன்றையும் முடித்துக் கோடு போட்டு அடித்திருந்தாள். நான்காவது வரி: "கார்மினா. நான்கு செ.மீ." அதில் "நான்கு" என்பதை மட்டும் அடித்து, மேலே "மூன்றரை" என்று எழுதியிருந்தாள்.