ஏழு மண்டலம் தின்ற பொடி

உள்ளங்கையில் முதல் முடிச்சு தோன்றியபோது அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். பேனா மட்டுமே பிடித்த கை. ஓய்வுக்குப் பிறகு அங்கேயே இரண்டு ஏக்கர் வாங்கி, வாரம் இரண்டு முறை போடியிலிருந்து ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தேன். அறுபத்தொன்பதாவது வயதில் கை காய்த்துப்போனால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

காய் எடுக்கப் போகும் பெண்களில் ஒருத்தி ஜீப்பில் என் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, கை இப்படிக் காய்ச்சுக் கெடக்கு? எங்களுக்குத் தெரியாம களை வெட்டுறீகளா?"

"வெட்டுனா என்ன, கூடாதா?" என்றேன். வெட்டவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு மாதத்தில் வலது கையில் பதினொன்று, இடது கையில் ஒன்பது. பாதத்திலும் வந்தது. குனிந்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஆகவே மனைவியை எண்ணச் சொன்னேன்.

"கால்ல விழுந்து கும்புடச் சொல்லுங்க, கும்புடுறேன். எண்ணச் சொல்லாதீக" என்றாள்.

பிறகு நெஞ்சுத் தோல் கறுத்தது. அந்தக் கறுப்பில், புழுதியில் மழைத்துளி விழுந்தாற்போல வெளுத்த புள்ளிகள். நாற்பதுவரை எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். கால்விரல்களில் எறும்பு ஊர்ந்தது. சில வாரங்களில் எறும்பும் ஊரவில்லை, வேறெதுவும் தெரியவில்லை.

ஒருநாள் ஜீப்பிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். பின்னால் அதே பெண் என் வலது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, ஒத்தச் செருப்போட எங்க வெரசாப் போறீக?" என்று சிரித்தவள், என் குதிகாலைப் பார்த்ததும் சிரிப்பை விட்டு அதைச் சுட்டிக் காட்டினாள். கல் கிழித்து ரத்தம் வடிந்தது. முந்நூற்றுப் பத்து அடி நடந்திருக்கிறேன். நடக்கும்போது அடிகளை எண்ணுவது வழக்கம் என்பதால் இது துல்லியம். செருப்பு எந்த அடியில் கழன்றது என்பதுதான் தெரியாது.

அன்றுதான் பயந்தேன். ஏலக்காட்டுச் சரிவில் காலுக்கு உணர்ச்சி இல்லாவிட்டால் ஒரே உருட்டுதான். மலைக்குப் போக முடியாவிட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து கரண்டிகளை எண்ண வேண்டியதுதான். அந்தப் பயம் என்னைவிட என் மனைவிக்கு அதிகம்.

எங்கள் பக்கம் எந்த நோய்க்கும் முதல் குற்றவாளி ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து. நாங்களும் அதையே பிடித்தோம். மருந்தடிப்பை நிறுத்தினேன். டீயில் ஏலக்காய் போடுவதை விட்டேன். இருபத்து மூன்று நாள் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. உடம்பு தளர்ந்துகொண்டே வந்ததால், தெம்புக்காக, ஏற்கெனவே தின்றுவந்த ஒரு பொடியை மட்டும் விடாமல் சாப்பிட்டேன்.

அந்தப் பொடி, என் முழங்கால் வலிக்காக, ராசிங்காபுரம் பக்கம் ஒரு வீட்டில் தங்கி நாட்டுமருந்து கொடுத்துவந்த ஆளிடம் வாங்கியது. செங்கல் நிறம். காலை, மாலை தேனில் குழைத்து என் மனைவி கொடுப்பாள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டு நிறுத்தச் சொன்னார். நாற்பத்தெட்டாம் நாள் நான் மாடிப்படி ஏறினேன். நல்லது செய்வதை நிறுத்துவானேன் என்று மேற்கொண்டு வாங்கிவந்தேன்.

கடைசியில் தேனியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். என் பேத்தி வயது. நான் தாளில் எழுதிப்போயிருந்த எண்ணிக்கையை முழுவதும் பொறுமையாகப் படித்தார். பிறகு என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நகங்களில் குறுக்காக வெள்ளைக் கோடுகள். நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

"வேற என்ன மருந்து எடுக்கிறீங்க ஐயா?"

"பிரஷருக்கு ஒரு மாத்திரை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அந்தப் பொடி?" என்றாள் மனைவி.

"அது மருந்தா? தேன்ல குழைச்சுத் திங்கிறது."

"தேன்ல குழைச்சாப் பலகாரமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. பொடியைக் கொண்டுவரச் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்பினார். சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன் நான்கு நாள் மீன் சாப்பிடக் கூடாது, கணக்கு தப்பாகிவிடும் என்றார். கணக்கு என்றதும் நான் கருவாட்டையும் விட்டேன். பொடி, சிறுநீர் இரண்டிலும் ஆர்சனிக் இருந்தது. பாஷாணம் என்று சொன்னதும் மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"ஆத்தாடி! வெசத்தையா நான் எங்கையால குழைச்சுக் குடுத்தேன்?"

கையைச் சேலை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஏழு மண்டலம், முந்நூற்று முப்பத்தாறு நாள், அறுநூற்று எழுபத்திரண்டு வேளை என்று ஒப்பித்தேன்.

"இவ்வளவு சரியா எண்ணத் தெரிஞ்சவருக்கு, ஒண்ணோட நிறுத்தத் தெரியலையே ஐயா!"

பொடியை அன்றே நிறுத்தினேன். அந்த ஆளிடம் வேறு யாரும் வாங்கித் தின்றுவிடக் கூடாது என்று டாக்டரே புகார் எழுதி அனுப்பினார். முடிச்சுகள் தணிய நாளாகும். பிற்காலத்தில் புற்றாகவும் மாறலாம், அதனால் தவறாமல் தோலைக் காட்டவேண்டும். நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடுகிற கால்விரலைச் சரியாகச் சொல்லத் தெரியட்டும், பத்தில் குறைந்தது எட்டு வரட்டும் என்றார்.

ஆகவே தினமும் காலையில் நான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். மனைவி விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாகத் தொடுகிறாள். முதல் மாதம் இரண்டு. ஐந்தாம் மாதம் ஆறு. நேற்று ஜீப்பு வரும் நாள். ஆறு விரலைச் சரியாகச் சொன்னேன். ஏழாவதையும் சொன்னேன். எட்டாவதாக, "இடது கட்டைவிரல்!" என்று உறுதியாகச் சொன்னேன்.

"இன்னும் தொடவே இல்ல" என்றாள்.

"நீ தொடப்போறது தெரிஞ்சுச்சு."

"அது நரம்பு இல்ல, கள்ளத்தனம்."

வெளியே ஜீப்பு இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் ஈர்க்குச்சியோடு வாசலுக்குப் போய், "நீங்க போங்கப்பா, அவரு இன்னும் ஏழுலதான் நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.