மூன்று பப்பாசிச்செட்டைகள்

நான் காணாததைக் கண்டேன் என்று எழுதினேன். அதை நம்பி நடந்துபோன என் மகள் வலது காலை இழந்தாள்.

இவ்வளவுதான் என் குற்றம். இரண்டே வசனம். இதை எழுதுவதற்கு எனக்கு மூன்று வருடமும் நான்கு மாதமும் தேவைப்பட்டன...

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை நல்ல தகப்பன் என்கிறார்கள். மகளைக் கதிரையோடு தூக்கி முற்றத்து வெயிலில் இருத்துகிறேன், துண்டான காலைக் கழுவுகிறேன், பொய்க்காலின் தோல்வாருக்கு எண்ணெய் பூசுகிறேன். அயலவர்கள் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள்!

நான் பதிவாளர் கந்தோரில் எழுதுவினைஞன். சாவகச்சேரிப் பக்கத்தில் இருபது வருடமாகப் பிறப்பையும் இறப்பையும் பதிவேட்டில் ஏற்றி வருகிறேன். பிறர் வந்து சொல்வதை எழுதுவதே என் வேலை. ஒருநாளும் என் கைப்பட ஒரு பொய் எழுதியதில்லை, அந்தச் சனிக்கிழமை வரை.

எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போனால் கடனீரேரி வரும். அதன் கரையில், ஒருகாலத்தில் அரசாங்கம் பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்ட பற்றைக்காடு ஒன்று உண்டு. அறிவிப்புப் பலகை துருப்பிடித்து விழுந்து, அதன்மேல் கொவ்வை படர்ந்துவிட்டது. அங்கே என்னென்ன செடி முளைக்கிறது, என்னென்ன பூச்சி பறக்கிறது என்று எழுதிவைக்க நாங்கள் சிலர் சேர்ந்திருந்தோம். யாரும் எங்களைக் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. ஐந்து பேராகத் தொடங்கினோம். ஒருவர் கனடாவுக்குப் போனார், ஒருவர் கொழும்புக்குப் போனார். மிஞ்சியது மூன்று பேர்: ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த றெஜினா மிஸி, என் மகள் வாசுகி, நான்.

றெஜினா மிஸி குருநகர்க் கடற்றொழிலாளர் குடும்பம். இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தவர். அவருடைய பையில் எப்போதும் ஒரு வெள்ளைச் சீலை இருக்கும். அதைப் பற்றைக்குக் கீழே விரித்து, கொப்பைத் தடியால் தட்டுவார். பொலபொலவென்று வண்டுகள் விழும். நான் ஓரடி பின்வாங்குவேன்.

"அண்ணைக்கு வண்டைக் கண்டாலும் பயம், ஹெலியைக் கண்டாலும் பயம்" என்பார் மிஸி. வாசுகி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

உண்மைதான். நான் பயந்தவன். பிள்ளை பிறந்த நாளிலிருந்து பயந்தவன்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில், மதகிலிருந்து உகாய் மரம் வரை ஒரே பாதையில் நடக்க வேண்டும். கண்டதை எண்ணி எழுத வேண்டும். தாள் தட்டுப்பாடான காலம். பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் கோடு கீறி வைத்திருந்தோம். அதில் மூன்று விதமாகத்தான் எழுதலாம். கண்டால் எண்ணிக்கை. போய்த் தேடியும் காணாவிட்டால் பூச்சியம். போகவே இல்லையென்றால் ஒரு குறுக்குக் கோடு.

அந்தக் கோட்டில் எந்த அவமானமும் இல்லை. காய்ச்சல், மழை, ஷெல்... எதற்கும் யாரும் காரணம் கேட்டதில்லை. எங்கள் கொப்பிகளில் பாதிப் பக்கம் கோடுகள்தான்.

சண்டை நெருங்கிய பிறகு, தாளின் மேலே இன்னொரு கட்டம் சேர்த்தோம். 'பாதை' என்று. புதுத்தடம் உண்டா, மண் கிளறியிருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா... அடுத்த முறை போகிறவருக்காக. அது வாசுகியின் யோசனை. இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். என் மகளின் யோசனை!

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தாள். காத்திருந்த அந்த நாட்களை ஒரேயொரு வண்ணத்துப்பூச்சிக்குக் கொடுத்துவிட்டாள். பழுத்த பப்பாசிப்பழத்தின் நிறத்தில் செட்டை, ஓரத்தில் கறுப்பு. கனடாவுக்குப் போனவரின் பழைய கொப்பியில் ஒரேயொரு முறை பதிவாகியிருந்தது. உகாய் இலையில்தான் முட்டையிடும் என்று ஒரு குறிப்பும் இருந்தது. பப்பாசிச்செட்டை என்று நாங்கள்தான் அதற்குப் பெயர் வைத்தோம். அந்தப் பாதையின் முடிவில் நின்ற உகாய் மரத்தின் இலைகளை அவள் ஒரு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பூச்சியம்.

"இண்டைக்கும் பூச்சிக்குப் பூச்சியம், அப்பா" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை உருட்டி வருவாள். சிரிப்புக்குள்ளே இருந்த ஏக்கம் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய முறை. மிஸிக்கு ஆஸ்பத்திரியில் கடமை. முதல்நாள் பின்னேரம் அக்கரையில் ஷெல் விழுந்த சத்தம் கேட்டிருந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "இஞ்சாருங்கோ, பிள்ளையை விடாதைங்கோ" என்றாள். நான் போகிறேன் என்றேன். வாசுகி மறுத்துப் பார்த்தாள். பிறகு தாளையும் பென்சிலையும் என் கையில் தந்து, "முதல்லை பாதையை எழுதுங்கோ அப்பா. பிறகுதான் பூச்சி" என்றாள்.

மகளுக்குப் பதிலாகப் போனேன். அதுவரை நான் நல்ல தகப்பன்தான்...

மதகடிக்கு வந்தபோது ஹெலிகொப்டரின் சத்தம். சைக்கிளைப் போட்டுவிட்டு மதகுக்குக் கீழே புகுந்தேன். அது என்னைத் தேடி வந்ததல்ல. நேரே கடற்பக்கம் போய்விட்டது. சத்தம் அடங்கி, தும்பிகள் மறுபடி பறந்தன. எழுந்து நடக்க வேண்டியதுதான். கால் வரவில்லை! பாதை என் முன்னே வெறுமையாக, வெயிலில், ஒன்றுமே நடவாததுபோல் கிடந்தது. நான் ஒரு பனையின் நிழலில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன்.

திரும்பிப் போய், "பயமாக இருந்தது பிள்ளை, போகவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஒரு கோடு. ஒரேயொரு கோடு கீறியிருக்கலாம்! ஏன் கீறவில்லை? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்குமுன் நான் ஆயிரம் தரம் கேட்டுவிட்டேன். மகள் தனியே நடக்கிற பாதையில் தகப்பனுக்குக் கால் நடுங்கியதென்று அவள் அறியக்கூடாது என்று நினைத்தேனா? அல்லது, இந்தப் பகிடி மிஸியின் காதுக்கும் போய்விடும் என்றா? இவ்வளவு அற்பமான காரணத்துக்கா...

பனையடியில் இருந்தே எழுதினேன். 'பாதை: வழமைபோல். புதுத்தடம் இல்லை.' பிறகு எருக்கு, நாயுருவி, தும்பி, கட்டெறும்பு. பதிவேடு எழுதிப் பழகியவனுக்கு நம்பக்கூடிய பதிவு எப்படி இருக்கும் என்று தெரியும். அங்கங்கே பூச்சியம் போட்டேன். கடைசி வரியில் உகாய் மரம். அதற்கும் பூச்சியம்தான் போட்டேன்.

அப்போது அவளுடைய முகம் நினைவுக்கு வந்தது. அழிறப்பரால் அழித்தேன். ஒன்று என்றால் வேறு எதையோ பார்த்து ஏமாந்ததாக நினைப்பாள். பத்து என்றால் நம்பமாட்டாள். மூன்று என்று எழுதினேன்.

அதை ஒரு பரிசாக நினைத்தேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகளுக்கு ஒரு பரிசு கொண்டுபோகிறேன் என்று நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

அவள் தாளை வாசித்தாள். கடைசி வரியில் கண் நின்றது. வாசற்படியில் மெல்ல இருந்துவிட்டாள்.

"மூண்டோ அப்பா?"

"ஓம் பிள்ளை. மூண்டு."

அன்று அவள் எனக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். எப்படிப் பறந்தன, தாழவா உயரவா, வெயிலிலா நிழலிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அவை தெரிந்தன...

அடுத்த முறை அவள் போவாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தடுக்க என்ன செய்தேன்? மழை வரும்போல இருக்கிறது என்றேன். நானும் வரட்டுமா என்றேன். மிஸி வருகிறார், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றாள். விட்டுவிட்டேன். உங்களிடம் மறைக்கக்கூடாது: அந்த இரண்டு கிழமையும் நான் பயந்தது பாதைக்கல்ல. என் பொய் பிடிபடுமோ என்றே பயந்தேன். எல்லாவற்றுக்கும் பயந்தவன், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை!

நடந்ததைப் பிறகு மிஸி சொல்லித்தான் அறிந்தேன். பாதையின் வளைவில் மிஸி ஒரு பற்றைக்குக் கீழே வெள்ளைச் சீலையை விரித்திருக்கிறார். வாசுகிக்குப் பொறுமை இல்லை. மரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள். கொஞ்சம் நில், நானும் வாறன் என்று மிஸி கூப்பிட்டிருக்கிறார்.

"அப்பா போன பாதைதானே மிஸி" என்று சொல்லிவிட்டு அவள் போயிருக்கிறாள்.

பாதைக்குக் குறுக்கே உடை என்கிற முள்மரம் ஒன்று விழுந்து கிடந்தது. முள்ளுக்கு விலகி, ஓரத்தால் சுற்றிப் போக ஓரடி வைத்தாள். அங்கே மிதிவெடி.

யார் புதைத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தும் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிஸி அந்த வெள்ளைச் சீலையைக் கிழித்துக் கட்டினார். அதில் ஊர்ந்த வண்டுகளை உதறக்கூட நேரமிருக்கவில்லை. இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வள்ளத்தில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்தார்கள். நான் அந்த நேரம் வீட்டில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மயக்கம் தெளிந்த பிறகு அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அழவில்லை. என் விரலைப் பிடித்தாள்.

"நல்லகாலம் அப்பா. அண்டைக்கு நீங்கள் மிதிக்கேல்லை."

சொல்லுங்கள்... இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். தடவிய கை, எழுதிய கை.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரி விறாந்தையில் மிஸி என்னைத் தனியே மறித்தார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் மரத்தடி வரைக்கும் போனனீங்களோ?"

"ஓம் மிஸி."

"உடைமரம் விழுந்து கிடந்தது. இலையெல்லாம் காய்ஞ்சு, கொப்பிலை கறையானும் ஏறியிட்டுது. அப்பவே விழுந்து ரெண்டு மூண்டு கிழமையாவது இருக்கும். நீங்கள் பாதையிலை அதை எழுதேல்லை."

"மறந்துபோனன்" என்றேன்.

சரி அண்ணை, என்று சொல்லிவிட்டு மிஸி வார்டுக்குள் போனார். அதன்பிறகு என்னைப் பகிடி பண்ணியதே இல்லை. என் தாளைக் கொப்பியில் சேர்க்கவும் இல்லை. மடித்து வாசுகியிடமே கொடுத்துவிட்டார்.

மரம் எந்த நாளில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மிதிவெடி எப்போது வந்தது என்றும் தெரியாது. நான் நடந்திருந்தால் விழுந்த மரத்தைக் கண்டு எழுதியிருப்பேன். அவர்கள் எச்சரிக்கையாகப் போயிருப்பார்கள். அல்லது மிதித்தது நானாக இருந்திருக்கும். அந்தக் கால் என்னுடையது! என் கணக்கில் போக வேண்டிய கால்...

ஒன்று மட்டும் நிச்சயம். கோடு கீறியிருந்தால் அவள் "அப்பா போன பாதை" என்று சொல்லியிருக்கமாட்டாள்.

அதற்குப் பிறகு காட்டுக்கு யாரும் போகவில்லை. வாசுகி போன வருடத்திலிருந்து அயற்பிள்ளைகளுக்குக் கதிரையில் இருந்தபடியே உயிரியல் சொல்லிக் கொடுக்கிறாள். இடையிடையே, காரணமில்லாமல், என்னைக் கேட்பாள்: அப்பா, அதுகள் மூண்டும் சேர்ந்தோ பறந்தது? நான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய விவரம் சேர்ந்துவிடும். போனமுறை சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஒருநாளும் காணாத இந்த ஒன்றைப்போல் வேறெதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

உடைமரத்தின் காய்ந்த இலைகளை அவளும் கண்டிருப்பாளே... இந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவேன்.

மிஸி அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறார். ஊர் இனி எவ்வளவு நாள் ஊராக இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கொப்பிகளை அங்கே பத்திரமாகக் கொடுத்து வைப்பதாகச் சொன்னார். பென்சில் எழுத்து மங்கிப் போகிறதென்று, வாசுகி எல்லாவற்றையும் ஒரு பெரிய கொப்பியில் மையால் படியெடுத்து வருகிறாள். நேற்றுக் காலை, மடித்து வைத்திருந்த என் தாளுக்கு வந்தாள்.

நான் எதிரே மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, செட்டையை மூடிக்கொண்டு இருக்கேக்கை, கீழ்ப்பக்கம் என்ன நிறம்?"

கத்தி நின்றது. அவள் பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. எனக்கு வேண்டிய அளவு நேரம் தந்தாள்...

"மஞ்சள், பிள்ளை" என்றேன். "வெளிறின மஞ்சள்."

அவள் இன்னும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, மையால் எழுதினாள்.