தூக்குவாளி வரிசை

ஆள் ஏறாத, நேரத்துக்கு ஓடாத பஸ்களை நிறுத்திவிடலாமா என்று பார்த்து எழுதும் வேலையில் அப்போது இருந்தேன். குத்தாலத்திலிருந்து கிளம்பும் மூன்று மணி டவுன் பஸ்ஸில்தான் அந்தக் கண்டக்டரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். விசில் எப்போதும் வாயில் இருக்கும். பேசுவதற்கு மட்டும் எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஒரு நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. புளியமரத்தடியில் தூக்குவாளிகள் மட்டும் வரிசையாக இருந்தன. 'யாரும் ஏறவில்லை' என்று எழுதினேன். விசில் வரவில்லை; பஸ் நின்றுகொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல்.

"நடவுப் பொம்பளைங்க வச்சது சார். மதியம் சாப்பிட்டதும் இங்க வச்சுட்டு வயல்ல எறங்கிடுவாங்க. ஆம்பளைங்கல்லாம் திருப்பூர், சிங்கப்பூர்னு போயிட்டாங்க. இவங்கதான் நமக்குப் பாசஞ்சர்."

"லேட்டாகுதுங்க. அதையும் நான் எழுதணும்."

"தெரியும் சார், எழுதுங்க. ஆளுங்கள விட்டுட்டுப் போனேன்னு நீங்க எழுதுற மாதிரி மட்டும் வச்சுக்க மாட்டேன்."

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவரவர் வாளியை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'ஏழு பேர்' என்று எழுதினேன். தாமதம் பத்து நிமிடம் என்றும் எழுதினேன். அப்போதும் விசில் வரவில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் இன்னும் ஒரு வாளி இருந்தது.

அவர் படிக்கட்டில் நின்று, விசிலைத் துடைத்தபடி வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடிவிட்டு, எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன்.