ராஜா இருக்கிற இரண்டு நாடுகள்

எழுபதுகளின் பின்பாதியில் உத்தமபாளையத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் வரலாறும் புவியியலும் நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊரான ராயப்பன்பட்டி பக்கம்தான். ஆனால் காலை பஸ் தவறினால் முதல் பீரியடும் தவறிவிடும். அதனால் பள்ளிக்கு அருகில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பம். ராவுத்தர்கள். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவிக்கு ஏறக்குறைய என் வயது. இரண்டு பெண் குழந்தைகள். அவர் கடைவீதியில் வேறொருவர் கடையில் தைத்தார். அந்த அம்மாள் வீட்டில் இருந்தபடி காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் திரும்பியபோது இருவரும் படிக்கட்டில் காத்திருந்தார்கள். அவர் கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று மலேசியாவில் ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அந்த அம்மாளின் தாய்மாமனிடமிருந்து. கண் மங்கிவிட்டதால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். மற்றது மதுரையில் ஆள் அனுப்பும் ஏஜெண்ட் போட்டது. சவூதி அரேபியாவில் தையல்காரர்கள் தேவை, இரண்டு வருஷ ஒப்பந்தம், பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

"டீச்சர், நீங்க புள்ளைகளுக்கு நாடு நாடாச் சொல்லிக் குடுக்கிறவுக" என்றார் அவர். "இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுச் சொல்லுங்க. ரெண்டும் எங்க ஆளுக நாடுன்னு தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை என் பாடத்தைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தலைமை ஆசிரியையிடம் சொல்லி ஆசியா வரைபடத்தை வாங்கி வந்தேன். வெள்ளைக்காரன் காலத்துத் துணிப்படம். அதில் மலேசியா இன்னும் மலாயாவாகத்தான் இருந்தது. அரேபியா முழுக்க ஒரே மஞ்சள். மக்காவும் மதீனாவும் இரண்டு புள்ளிகள். பழைய படம் என்று தெரியும். நாடு பெயர் மாறலாம், மண் மாறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இயற்கை அமைப்பு, வரலாறு, அரசாங்கம் என்று பரீட்சைக் கேள்விக்குப் பதில் எழுதுவதுபோலக் குறிப்பும் எடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கீழ்வீட்டுச் சுவரில் படத்தை மாட்டினோம். தையல்காரர் பாயில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்.

மலேசியாவில் வருஷம் முழுக்க மழை, காடு, ரப்பர், ஈயம் என்றேன். சவூதியில் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை, மணல், மணலுக்கு அடியில் எண்ணெய் என்றேன். ஒன்றை வெள்ளைக்காரன் ஆண்டு, நமக்குப் பத்து வருஷம் கழித்து விட்டுப்போனான். மற்றதை எந்த ஐரோப்பியனும் பிடித்து ஆளவில்லை. சிதறிக் கிடந்த பகுதிகளை ஒரு குடும்பம் சண்டையிட்டுச் சேர்த்து, தன் பெயரையே நாட்டுக்கு வைத்துக்கொண்டது. ஒன்றில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். மற்றதில் அப்படி இல்லை.

"ராஜா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ரெண்டு நாட்டிலயும் ராஜா உண்டு. மலேசியாவில் ஒன்பது சுல்தான்கள். அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தர்னு அவங்களுக்குள்ளேயே ராஜாவைத் தேர்ந்தெடுப்பாங்க. ஆனா ஓட்டுப் போட்டு வர்ற பிரதம மந்திரிதான் ஆட்சி பண்றார். சவூதியில் ராஜா சொன்னதுதான். தேர்தல் இல்லை, பார்லிமெண்ட் இல்லை."

"அப்ப மலேசியாவுல நம்ம ஊரு மாதிரி ஓட்டு இருக்கு."

"இருக்கு."

"நம்ம போனா நமக்கு இருக்குமா?"

நான் குறிப்பைப் பார்த்தேன். அது அதில் இல்லை.

"சரி டீச்சர், அதை விடுங்க. இவுக எங்கன போனாலும் நானும் புள்ளைகளும் கூடப் போக முடியுமா?"

அதுவும் இல்லை. நான் மலேசியாதான் நல்லது என்று சொல்லி முடிக்க நினைத்திருந்தேன். அதைச் சொல்லாமல், விசாரித்துச் சொல்கிறேன் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தேன்.

யாரிடம் விசாரிப்பது என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான் என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். அவர் மலாயா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தவரிடம் நான் ஒருநாளும் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டதில்லை. புத்தகத்தைப் பார்த்தே வருஷா வருஷம் மலேசியாவை நடத்திக்கொண்டிருந்தேன். இதை இன்று எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறு சனிக்கிழமை தையல்காரரையும் அவர் மனைவியையும் ராயப்பன்பட்டிக்குக் கூட்டிப்போனேன். பெரியப்பா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"வேலை பெர்மிட்டு பத்தி இதுல ஒரு வரியும் இல்லையே" என்றார்.

"மாமா கடைதானே, அவுக பாத்துக்கிருவாக" என்றார் தையல்காரர்.

"நானும் அப்பிடித்தான் இருந்தேன் தம்பி. அந்த ஊரு நல்ல ஊரு. சுதந்தரம் வந்தப்ப பிரஜைக்கு எழுதிக் குடுங்கன்னாக. எழுதலாம், என்ன அவசரம்னு இருந்துட்டேன். பெறகு, பிரஜை இல்லாதவுகளுக்கு பெர்மிட்டு வேணும்னு சட்டம் வந்துச்சு. எனக்குத் தரலை. நான் பால் வெட்டின மரத்துக்கு அங்கன இருக்க உரிமை இருந்துச்சு, எனக்கு இல்ல. கப்பல் ஏறிட்டேன்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க துலுக்கமாரு, அவுகளும் துலுக்கமாரு. அந்தக் காகிதத்துல அதைக் கேக்க மாட்டாக. பிரஜையான்னுதான் கேப்பாக" என்றார்.

திரும்பி வந்ததும் மாமாவுக்கு எழுதிக் கேட்டார்கள். பெர்மிட் கிடைப்பது சிரமம்தான், சும்மா பார்க்க வருவதுபோல வந்துவிட்டால் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஏஜெண்டிடம் இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கி வைத்திருந்த தையல்காரர் அதைப் படித்த அன்றே சவூதிக்குச் சம்மதம் எழுதிவிட்டார். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று தவணை கேட்கப் போனபோதே ஏஜெண்ட் சொல்லியிருந்தான்.

அந்த அம்மாள் அன்று மாலை மேலே வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"இவுக சவூதிக்குப் போறாக. நான் வேண்டாம்னு சொன்னேன். கேக்கலை. அங்கன ராஜா சொன்னதுதான்னு சொன்னீகல்ல, எங்க வீட்டுலயும் அதான்."

"நீங்க மலேசியாவைத்தானே விரும்பினீங்க?"

"நான் எந்த ஊரையும் விரும்பலை டீச்சர். எல்லாரும் ஒரே ஊருல இருக்கணும்னேன்."

தையல்காரர் போய் இரண்டு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. அந்த அம்மாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். "கம்பளி வாங்கிப் போத்திக்கிறாகளாம். மணல்ல எப்பிடி டீச்சர் குளிரும்?"

வாங்கிப் படித்தேன். அபஹா என்ற ஊரில் வேலை. உயரமான மலைமேல் இருக்கிறதாம். சாயங்காலம் மேகம் இறங்கி மழை பெய்கிறதாம். படி படியாக வயல் வெட்டி விவசாயம் செய்கிறார்களாம். குரங்குகள் கூட்டமாக வந்து குப்பையைக் கிளறுகின்றனவாம். 'கடையிலிருந்து பார்த்தால் சுருளிமலை பார்த்த மாதிரி இருக்கிறது. டீச்சரிடம் சொல்லு' என்று எழுதியிருந்தார்.

என் துணிப்படத்தில் அந்த ஊரே இல்லை. அங்கேயும் மஞ்சள்தான். மதுரைக்குப் போனபோது ஒரு நூலகத்தில் பெரிய அட்லஸை வாங்கிப் பார்த்தேன். அரேபியாவின் தென்மேற்கு மூலையில் பழுப்பு நிறத்தில் மலைத்தொடர், அதன்மேல் அபஹா. மறுவாரம் வகுப்பில், அரேபியா முழுக்க மணல் என்று போன மாதம் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தின் நாலு வரிகளை அந்த அம்மாளின் அனுமதியோடு படித்துக் காட்டினேன். பிள்ளைகள் அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் நாலு வருஷமாயிற்று. அதற்குள் அந்த அம்மாள் ஒரு பழைய தையல் மெஷினை வாங்கி, ஜாக்கெட் தைக்கப் பழகி, சின்னமனூரிலிருந்துகூட ஆள் தேடி வரும்படி ஆகியிருந்தார். கணவர் வீட்டு நிலவரம் கேட்டு எழுதியபோதெல்லாம், பிள்ளைகள் படிப்பைப் பற்றி மட்டுமே பதில் எழுதுவார். மெஷினைப் பற்றி எழுதவில்லை.

தையல்காரர் திரும்பி வந்த மறுநாள் பேரீச்சம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். தலை நரைத்திருந்தது. மக்காவுக்குப் போய்வந்ததைச் சொன்னார். பிறகு, "அரசாங்கத்தைப் பத்திச் சொன்னீகல்ல டீச்சர்" என்றார். "நான் ராஜாவையும் பாக்கலை, போலீசையும் பாக்கலை. மொதலாளியத்தான் பாத்தேன். பாஸ்போர்ட்டு அவருகிட்ட இருந்துச்சு. ஊருக்குப் போகணும்னா அவரு கையெழுத்துப் போடணும். நல்ல மனுசன், போட்டாரு. பக்கத்துக் கடையில வேலை பாக்குறவனோட மொதலாளி போடலை. அவன் இன்னும் அங்கனதான் இருக்கான்."

"மறுபடி போவீங்களா?"

"கூப்பிட்டிருக்காக" என்று கீழே பார்த்தார். மெஷின் ஓடும் சத்தம் மேலே வரை கேட்டது.

அவர் போகவில்லை. ஏன் என்று இருவரும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் எனக்குத் தேனிக்கு மாற்றல் வந்தபோது கடைவீதியில் அவர்களுக்குச் சொந்தக் கடை இருந்தது. முன்பக்கம் அவர் சட்டை வெட்டுவார். தட்டிக்குப் பின்னால் பெண்களுக்கு அளவெடுத்து அந்த அம்மாள் தைப்பார். நான் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் எனக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். தோள்பட்டையில் கொஞ்சம் இறுக்கம். பிரித்துத் தரவா என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இருக்கட்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.